முகூர்த்தம் பார்த்து ஓடுகிறவன்

காலை 4.30 மணிக்கு எழுந்ததும் நான் செய்கிற முதல் காரியம், கூடத்து ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டருக்கு முன்னால் போய் நிற்பது. செல்போன் வெளிச்சத்தில் அன்றைய தாளைப் படிப்பேன். ராகு காலம், எமகண்டம், சூலம் ஒன்றும் எனக்கு வேண்டாம். சுபமுகூர்த்த நாள் என்று போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. போட்டிருந்தால் கடற்கரை வரை போய்த் திரும்பிப் பத்து கிலோமீட்டர் ஓட்டம். போடாவிட்டால் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி மூன்று.

இதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "மாப்பிள்ளைக்கு வயசாக ஆகப் பக்தி முத்திடுச்சு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது கௌரவமான பெயர்.

உண்மை இதுதான். மந்தைவெளியிலிருந்து நான் ஓடும் வழியில் நான்கு கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. முகூர்த்த நாள் என்றால் விடியற்காலை நாலு மணிக்கே சீரியல் விளக்கு எரியும், கேட் திறந்திருக்கும், யார் வந்தாலும் வாங்க என்பார்கள். ஒரு மண்டபத்தில் குறைந்தது ஆறு கழிப்பறை. குழாயில் தண்ணீர் வரும். அவசரத்துக்கு ஓடி வருகிறவனிடம் பத்திரிகை எங்கே என்று கேட்கிற பழக்கம் நம் ஊரில் இல்லை.

எனக்குப் பெருங்குடலில் ஒரு நோய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்சுவரை எதிரி என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்து வைக்கிற வாட்ச்மேன் மாதிரி. சுவர் புண்ணாகும், ரத்தம் போகும், வயிறு முறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக 'இப்போதே' என்று ஓர் உத்தரவு வரும். அதற்கு 'இதோ ரெண்டு நிமிஷம்' என்கிற பதிலே கிடையாது. சில மாதம் அடங்கியிருக்கும், சில மாதம் ஆடும். மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அடியோடு விரட்ட முடியாது.

2013இல் முதன்முதலாக ரத்தம் பார்த்தபோது எனக்கு 38 வயது. தமிழ்நாட்டில் பிறந்தவன் ஆகையால் நோயை நானே கண்டுபிடித்துவிட்டேன்: சூடு. நமக்குக் கண் எரிந்தால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, நீர் கடுத்தால் சூடு, தூக்கம் வராவிட்டாலும் சூடு. ஆகவே சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். தினம் ஒரு இளநீர். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினேன். ஆறு மாதத்தில் என் தலைமுடி நன்றாகக் கறுத்தது. கீழே நிலைமை அப்படியே இருந்தது. இந்த ஆறு மாதமும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதில் மட்டும் வேடிக்கை ஒன்றும் இல்லை. உங்களில் யாராவது இப்போது அதே நிலையில் இருந்தால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள். மீதியை அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது படிக்கலாம்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பார்ப்பதற்கு முந்தின ராத்திரி ஒரு பொட்டலம் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கச் சொன்னார்கள். எலுமிச்சை வாசனை போட்ட கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் நான் ஓடிய எந்த ஓட்டமும் அந்த ராத்திரிக்கு ஈடில்லை. தூரம் கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடிதான்; ஆனால் பதினேழு தடவை, ஒவ்வொன்றும் போன தடவையைவிட வேகமாக.

நோயின் பெயர் தெரிந்ததும் வேறொரு கஷ்டம் ஆரம்பித்தது. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் 'அல்சர்' வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். "வேளாவேளைக்குச் சாப்பிடணும்பா. காலைல டிபனை விட்டிருப்ப. அதான்." என் தாட்டியான உடம்பைப் பார்த்துக்கொண்டே, நான் சாப்பிடாமல் வயிற்றைக் காயப்போட்டு இதை வரவழைத்துக்கொண்டதாகச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். "அது இரைப்பை, இது பெருங்குடல்" என்று நான் விளக்கினால், "எல்லாம் ஒரே வயிறுதானே" என்று முடித்துவிடுவார்கள். பெரியம்மா மணத்தக்காளிக் கீரை கொடுத்தனுப்பினார். மதுரைச் சித்தப்பா பிரண்டைத் துவையல் என்றார். மாடி வீட்டு சார், அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே நோய், பழைய சோற்றிலேயே சரியாகிவிட்டது என்றார். அந்தத் தெரிந்த ஒருவரை நான் பத்து வருஷமாகத் தேடுகிறேன்.

ஓட ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். இதுவும் ஆலோசனையால் வந்த வினைதான். முதல் வருஷம் டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். குடல் அடங்கியது, பசி பிடித்துக்கொண்டது. ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து ஊறுகாய் ஜாடியைத் தடவுகிற பசி. முகம் பௌர்ணமி மாதிரி ஆனது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தின பிறகு, "தினம் நடங்க" என்றார் டாக்டர். லஸ் பக்கத்தில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனேன். காலையில் நடக்கிறவர்கள் நடப்பதற்காக வருவதில்லை, பேசுவதற்காக வருகிறார்கள் என்பது மூன்று நாளில் புரிந்தது. எனக்கு என்ன நோய் என்று ஒரு சுற்றில் தெரிந்துகொண்டார்கள். அடுத்த சுற்றில் மருந்து சொன்னார்கள். மாதுளம்பழ ஓட்டைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே என்னோடு ஒட்டி நடந்தபோது, அவரைத் தவிர்க்க எட்டி வைத்தேன். அவரும் எட்டி வைத்தார். நான் ஓடினேன். அவர் நின்றுவிட்டார்.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். ஓடுகிறவனிடம் யாரும் யோசனை சொல்ல முடியாது. மூச்சு இரைக்கும். அவர்களுக்கு.

ஆனால் வயிற்றுக்காரன் ஓடுவதில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். நம் உடம்பில் இருக்கும் ரத்தம் மொத்தம் ஐந்து லிட்டர் சொச்சம். மே மாதத்தில் அபார்ட்மெண்டுக்கு வருகிற லாரித் தண்ணீர் மாதிரி அளவானது. நாம் உட்கார்ந்திருக்கும்போது அதில் நல்ல பங்கு குடலுக்குப் போகிறது. ஓட ஆரம்பித்ததும் தரைத்தளத்தில் இருக்கும் தொடையும் கெண்டைக்காலும் எல்லாக் குழாயையும் திறந்துவிடுகின்றன. மேல் வீட்டில் குடலுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். வேகமாக ஓடினால் குடலுக்குப் போகிற ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்கிறார்கள். மேல் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பக்கெட்டோடு இறங்கி வந்து சத்தம் போடுவார். அது போதாதென்று ஒவ்வோர் அடியிலும் மொத்தக் குடலும் குலுங்குகிறது. நல்ல ஆரோக்கியமான ஓட்டக்காரர்களுக்கே இதனால் வயிறு கலக்கும். எனக்கோ மேல் வீட்டுக்காரர் ஏற்கெனவே சண்டைக்காரர்.

இதற்கு நடுவில் காபி. ஃபில்டர் காபி உள்ளே போன சில நிமிடத்தில் பெருங்குடல் அசைந்து கொடுப்பது உலகத்தில் பலருக்கும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அதை 'அலாரம்' என்போம். என் திட்டம் இப்படி: 4.40க்குக் காபி, ஐந்து மணிக்குள் அலாரம், 5.10க்கு வாசல். பேப்பரில் எழுதினால் அழகாக இருக்கும். நடப்பது வேறு. வாசல் படியில் உட்கார்ந்து ஷூ போட்டு, லேஸை இரட்டை முடிச்சாக இறுக்கி எழுந்து நின்றதும் இரண்டாவது அலாரம் அடிக்கும். ஷூவோடு வீட்டுக்குள் போக முடியுமா? நடுவில் பூஜை அலமாரி. இரட்டை முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி போட்டு, கேட் வரை போனால் மூன்றாவது. முடிச்சுகளை அவிழ்க்க நான் படும் பாட்டை ஒரு நாள் பால் போடும் பையன் நின்று பார்த்துவிட்டு, "சார், வெல்க்ரோ ஷூ வாங்கிக்கங்க, எங்க பாப்பாவுக்கு வாங்கினேன், யூகேஜி போகுது" என்றான். வாங்கினேன். பெரியவர் அளவில் கிடைக்கத்தான் அலைய வேண்டியிருந்தது.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என் மனைவி இதைப் படிக்கக்கூடும். குடல் அடங்கியிருக்கிற காலத்திலும் வயிறு உப்பிக்கொண்டு ஓட முடியவில்லை என்று ஒரு உணவு ஆலோசகரிடம் போனேன். அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய முறையாம். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்துக் காற்று உண்டாக்குகிற மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைக் கொஞ்ச நாள் விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலக்க வேண்டியவை: வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், கொண்டைக்கடலை, மாம்பழம். மனைவி பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள்.

"என்னங்க, இதெல்லாம் போனா சமையல்ல மிச்சம் என்ன இருக்கு? அடுப்பா?"

மாமியாருக்கு மட்டும் சந்தோஷம். வெங்காயம் பூண்டு இல்லாத சமையலா, நித்தியம் ஏகாதசி. பக்தி முத்திவிட்டது என்ற கட்சிக்கு இன்னொரு சாட்சி. திருப்பிச் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு ஆகாதது சின்ன வெங்காயம் என்று தெரிந்தது. சின்ன வெங்காய சாம்பாருக்காகவே உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவனுக்கு இது தேவையா? ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி எனக்கு ரசம் சாதம், புடலங்காய்க் கூட்டு. மற்ற ஓட்டக்காரர்கள் முழங்கால் வலித்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வகை வலி மாத்திரைகளில் பல குடலைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் தடை போட்டிருக்கிறார். எனக்கு முழங்காலுக்குத் தைலம்தான். ஆக, வாசனையால் என்னை இருட்டிலும் அடையாளம் காணலாம்.

எனக்கு உள்ள ஒரே மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெசலமைன். அது இரைப்பையில் கரைந்துவிடாமல், சிறுகுடல் முழுக்கத் தாண்டி, பெருங்குடல் வந்த பிறகுதான் திறக்கும்படி மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். நடுவில் ஏழு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வளைவும் நெளிவும். எங்கும் இறங்காமல் கடைசி ஸ்டாப்பில் இறங்குகிற பயணி. பத்து கிலோமீட்டரை நடுவில் எங்கேயும் இறங்காமல் முடித்தவன் என்ற பெருமை எனக்கு அபூர்வம்; என் மாத்திரைக்குத் தினமும் உண்டு.

இறங்குகிற இடங்களைப் பற்றித்தான் எனக்கு அறிவு அதிகம். சென்னையைப் பற்றி நான் எழுதினால் கோயில் இருக்காது, கோட்டை இருக்காது, கதவுகள் மட்டும் இருக்கும். சாந்தோம் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க். சாவி ராத்திரி ஷிப்ட் பையனிடம். அவன் தூங்கினால் எழுப்பக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துகொள்வான். கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. அங்கே வசதி இல்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். காந்தி சிலைப் பக்கம் முன்பு ஒரு நல்ல இடம் இருந்தது. மெட்ரோ தகரம் அடைத்துவிட்டார்கள். உழைப்பாளர் சிலை வரை போய்விட்டால் திரும்பி வரும் மூன்று கிலோமீட்டர் எனக்குத் தண்ணியில்லாக் காடு. இந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது தவறாக எடுத்துப் பார்த்தால் திருடன் போட்ட திட்டம் என்றுதான் நினைப்பார்கள். கதவு, நேரம், காவலாளி தூங்கும் வேளை, எல்லாம் இருக்கிறது.

நாணயம் போட்டால் தானே திறக்கும் கழிப்பறை ஒன்றும் வழியில் இருந்தது. ஒரு நாள் அதன் முன்னால் போய் நின்றேன். பச்சை விளக்கு. உள்ளே ஆள் இல்லை. உலகத்தில் அந்த நிமிடம் அதைவிட அழகான பொருள் இல்லை. என்னிடம் செல்போன் இருந்தது, அதில் நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. நாணயம் இல்லை. பக்கத்தில் சுண்டல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் ஓடினேன். "பாட்டி, ஜிபேல நூறு ரூபா அனுப்புறேன், ஒரே ஒரு ரூபா காசு குடுங்க." அவர் என்னைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். மடியை அவிழ்த்து இரண்டு ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "எதுக்குக் கண்ணு நூறு? ஓடு." இரண்டாவது காசு ஏன் என்று அப்போது புரியவில்லை. முதல் காசை இயந்திரம் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தபோது புரிந்தது. அன்றிலிருந்து ஷார்ட்ஸின் சாவிப் பையில் எப்போதும் ஐந்து ஒரு ரூபாய் வைத்திருக்கிறேன். ஓடும்போது சலங்கை மாதிரி சத்தம் வரும்.

கல்யாண மண்டபத்துக்கு முதல் தடவை போனது ஓர் ஆவணி மாதம். திரும்பி வரும்போது, வீட்டுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கையில் உத்தரவு வந்தது. பங்கில் பையன் லீவு. எதிரே வாழைமரம் கட்டிய வாசல், கலர் விளக்கு, ஒத்துக்காரர் சுருதி சேர்க்கும் சத்தம். யோசிக்கவில்லை, நுழைந்தேன்.

வாசலில் அரைத் தூக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தை. அது தன் கடமையைச் செய்தது: என் முகத்தில் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, கற்கண்டு எடுத்துக்கச் சொன்னது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தனம் பூசிக்கொள்ளும் கலையை அன்று கற்றேன். அதைத் தாண்டினால் பஞ்சகச்சத்தில் ஒரு பெரியவர்.

"வாங்கோ வாங்கோ. பொண்ணாத்துக்காராளா, பிள்ளையாத்துக்காராளா?"

ஷார்ட்ஸ், வியர்வையில் நனைந்த டீஷர்ட், நெற்றியில் சந்தனம், வாயில் கற்கண்டு. "பிரண்டு" என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அவர் என் காலைப் பார்த்தார். "ஓ, மாப்பிள்ளையோட ஜிம் மாஸ்டரா?" என்றவர், என் தொப்பை வரை பார்வை ஏறியதும் அந்தக் கருத்தைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார். இருந்தாலும் என் முகத்தில் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவர் வயதுக்கு எல்லா வகை முகமும் பார்த்திருப்பார். கையைப் பிடித்து, "நேரே போய் இடது கைப் பக்கம், கோடி. ரெண்டாவது தாழ்ப்பாள் விழாது, மூணாவதுக்குப் போங்கோ" என்றார். எத்தனையோ பெரியவர்கள் எனக்கு வழி காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாக யாரும் காட்டியதில்லை.

பிரச்சினை வெளியே வந்த பிறகுதான். மனசு லேசாகி, கூடத்தைக் கடந்து நழுவப் பார்த்தேன். ஓர் அம்மாள் என் கையில் பழத்தட்டு ஒன்றைத் திணித்தார். "சீர்த் தட்டு ஒம்பது இருக்கு, ஆள் எட்டுதான் இருக்கா. சித்த பிடிங்கோ, மாப்பிள்ளை ரூம் வரைக்கும்தான்." தட்டில் ஆரஞ்சு கோபுரம். நான் கையை விட்டால் உருளும். முன்னால் நாதஸ்வரம், தவில். அதன் பின்னால் பட்டுப்புடவைகளாக எட்டுப் பேர். ஒன்பதாவதாக ஷார்ட்ஸோடும் கட்டை விரல் தேய்ந்த சாக்ஸோடும் நான். ஷூவை வாசலிலேயே விட்டிருந்தேன். வீடியோக்காரர் லைட்டைப் போட்டு என்னை இரண்டு தடவை கடந்து போனார். நடக்கும்போது சாவிப் பையில் சில்லறை தவிலோடு தாளம் போட்டது. யாரோ ஒரு தம்பதியின் கல்யாண வீடியோவில் இன்றும் நான் ஒன்பதாவது தட்டோடு போய்க்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு தடவை போட்டுப் பார்க்கும்போதும், "இது யாரு?" என்று கேட்டு, ஒரு கட்சி மறு கட்சியைப் பார்ப்பார்கள்.

சும்மா வரக் கூச்சமாக இருந்தது. ஜிபேயில் 101 ரூபாய் மொய் வைத்தேன். பெரியவர் தாம்பூலப் பை கொடுக்காமல் விடவில்லை. தேங்காயோடு ஓட முடியாது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்தாள். நெற்றியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"ஓடப் போனீங்களா, கல்யாணத்துக்குப் போனீங்களா?"

முழுக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் மொய் நோட்டை எடுத்துவந்து, 'தெரியாதவங்க, 101' என்று எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் இப்போது அப்படிப் பதினொரு வரிகள் இருக்கின்றன. "நாம வச்ச மொய் நமக்குத் திரும்பி வரணும்னா, இவங்களை எப்படிக் கூப்பிடுறது?" என்பது அவளுடைய நீண்ட நாள் கவலை.

எங்கள் பகுதி ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். அவர்கள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பேசுவார்கள். நான் நிமிடத்துக்கு எத்தனை கதவு என்று யோசிப்பேன். ஆரம்பத்தில் விஷயத்தை மறைத்தேன். நடுவில் காணாமல் போய்விட்டு முன்னால் எங்கோ முளைப்பதால் நான் குறுக்கு வழியில் போகிறேன் என்று சந்தேகம் கிளம்பியது. ஒரு நாள் உடைத்துச் சொன்னேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருவர் தனிச் செய்தியில், "சார், அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்றார். ராத்திரிக்குள் அப்படி ஆறு பேர். யாருக்கும் நோய் இல்லை. வயிறு எல்லோருக்கும் இருக்கிறது.

2005ஆம் வருஷ லண்டன் மாரத்தானைப் பற்றி அவர்களில் ஒரு பையன்தான் சொன்னான். பௌலா ராட்கிளிஃப் என்கிற இங்கிலாந்துக்காரப் பெண், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், கடைசி மைல்களில் வயிறு படுத்தியதால் தெரு ஓரமாக நின்று, கூட்டமும் டிவியும் பார்க்க, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு மறுபடி ஓடி 2 மணி 17 நிமிடம் 42 விநாடியில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் ஐந்து நிமிடம் பின்னால். அந்த இடத்தில் நானாக இருந்தால் அந்தத் தெருவையே மாற்றிக்கொண்டு போயிருப்பேன், ஊரையும். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். இது எனக்கு ஆறுதல் தரவில்லை, பொறாமைதான் வந்தது. வேகத்தைப் பார்த்து அல்ல.

ஆறுதல் என்றால் மெரினாவில் நடந்துகொண்டிருக்கும் காந்திதான். 'சத்திய சோதனை'யில் தன் மலச்சிக்கலைப் பற்றியும், அதற்கு வயிற்றில் ஈர மண் வைத்துக் கட்டியதைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1930இல் தண்டிக்குச் சுமார் 385 கிலோமீட்டர் நடந்தபோது அவருக்கு வயது 60. அவருடையது வராத கஷ்டம், என்னுடையது நிற்காத கஷ்டம். சிலையைக் கடக்கும்போதெல்லாம் வயிற்றுக்காரனுக்கு வயிற்றுக்காரன் என்ற முறையில் ஒரு கும்பிடு போடுவேன். மாமியாருக்கு இதுவும் தெரியவேண்டாம்.

ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் மாரத்தான் நடக்கும். பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். பணம் கட்டின பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். மார்கழி. ஊரில் ஒரு கல்யாணம் கிடையாது. அத்தனை மண்டபமும் பூட்டு. கோயில்கள் மட்டும் நாலு மணிக்கே திறந்திருக்கும், சுடச்சுடப் பொங்கல் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது உள்ளே போகிற ஏற்பாடு இல்லை.

அன்றைக்கு இருட்டில் போய் இறங்கினால், வரிசையாக வைத்த மொபைல் டாய்லெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது பேர் வரிசை. மார்பில் நம்பர் குத்தியவர்கள், கையில் விலை உயர்ந்த வாட்ச் கட்டியவர்கள், ஒட்டிய வயிறும் முறுக்கேறிய காலுமாக இருப்பவர்கள், எல்லோரும் கால் மாற்றி நின்றுகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வீட்டிலேயே மூன்று அலாரத்தையும் முடித்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் வரிசையைக் கண்டால் நின்றுவிடுகிற பழக்கம். எனக்கு முன்னால் இருந்த பையனுக்கு முகமெல்லாம் வியர்வை.

"அங்கிள், ஸ்டார்ட்டுக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு."

"தம்பி, எல்லாரும் வந்தவுடனே முதல் பெட்டிக்குத்தான் நிப்பாங்க. கடைசிப் பெட்டி, லாரிக்குப் பின்னால இருக்கு பாரு, அங்க நாலே பேர். ஓடாத, நட. ஓடினா கேட்டுடும்." அவன் போனான். பின்னால் இருந்த பெண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், "சார், எனக்கு?" என்றாள். துப்பாக்கி வெடித்தபோது நான் போக்குவரத்துக் காவலர் மாதிரி கைகாட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, ஸ்டார்ட் கோட்டை எப்போது தாண்டுகிறோமோ அப்போதிருந்துதான் நம்பரில் இருக்கும் சிப்பு கணக்கெடுக்கும்.

ஆறாவது கிலோமீட்டரில் வயிறு அசைந்தது. வலது பக்கம் ஒரு மண்டபம். இரும்புக் கேட்டில் பூட்டு. வாசலில் யாரோ போட்ட பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. ஒலிபெருக்கியில் பாட்டு. கேட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தை நடையாக்கினேன். கீழ் வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடினேன். ஓர் இருநூறு அடி. மேல் வீட்டில் தண்ணீர் ஏறியது போலிருக்கிறது, முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டார். மறுபடி மெல்ல ஓடினேன். என்னைக் கடந்து போனவர்களில் நான் கடைசிப் பெட்டிக்கு அனுப்பிய பையனும் இருந்தான். "தேங்ஸ் அங்கிள்!" என்று கத்திவிட்டுப் போனான். அவனோடு ஓடியவர்கள் நான் அவனுடைய கோச் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எத்தனை?" என்றாள்.

"ஒரு மணி 24 நிமிஷம்."

"அதைக் கேக்கல."

"ஒரு தடவைகூட இல்ல."

மெடலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில், காலண்டருக்கு மேலே மாட்டினாள். முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்து ஞாயிறு பாதி மறைந்துபோனது. மாமியார் அதைச் சாமி டாலர் என்று நினைத்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாப்பிடும்போது என் பெண், கல்லூரி முடிக்கப் போகிறாள், திடீரென்று சொன்னாள்: "அப்பா, என் கல்யாணத்தன்னிக்குக் காலைல யாராவது ஷார்ட்ஸோட ஓடி வந்து வாசல்ல நின்னா, யாரு என்னன்னு கேக்காம உள்ள விடச் சொல்லணும்."

"விடலாம்" என்றாள் மனைவி, ரசத்தைக் கலக்கிக்கொண்டே. "காபி மட்டும் அப்புறமா குடுக்கச் சொல்லு."